என் மகளின் கால்களை முதலில் பார்த்தவர்

என் மகளுக்கு வந்த நோயின் முதல் அறிகுறியை நான் பார்க்கவில்லை. நேகி பார்த்தார்.

அபர்ணா ராணுவத்தில் கேப்டன். ஆப்பிரிக்காவில் அமைதிப் படையில் இருந்தாள். ஊர் ஊராகப் போய் அங்குள்ள பெண்களிடம் பேசி, அவர்களுடைய பயங்களைக் கேட்டு வரும் குழு ஒன்றுக்கு அவள் தலைவி. நேகி அதே முகாமில் இன்னொரு கேப்டன், கட்வால் மலைப்பக்கத்துக்காரர். ரோந்து முடிந்து திரும்பியதும் பூட்ஸைக் கழற்றி ஒருவர் காலை இன்னொருவர் பார்க்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். கொப்புளமோ பூச்சிக்கடியோ களைத்துப்போன சொந்தக் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால்.

ஒரு மாலை அபர்ணா பூட்ஸைக் கழற்றிவிட்டு, சாக்ஸையும் கழற்றிவிட்டேனா என்று கேட்டிருக்கிறாள். கழற்றியிருந்தாள். வெறுங்காலில் சாக்ஸ் இருப்பது போலவே அவளுக்குத் தோன்றியது. நேகி ஒரு பேனா மூடியால் அவள் உள்ளங்காலில் கோடு இழுத்துப் பார்த்தார். உடனே முகாம் மருத்துவரிடம் அழைத்துப் போனார்.

அதே நாள் காலையில் அவள் எங்களோடு வீடியோவில் பேசியிருந்தாள். போன வாரம் வயிற்றுப்போக்கு, இப்போது சரியாகிவிட்டது என்றாள். மெலிந்துவிட்டாய் என்று நான் சொன்னேன். பெற்றவள் நான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நோய் காலிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது.

நோயின் பெயர் கில்லன்-பாரே (கிருமியோடு போராட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறி, சொந்த நரம்புகளையே தாக்குவது). பெரும்பாலும் ஒரு வயிற்றுக்கோளாறு அல்லது சளிக்காய்ச்சலுக்குப் பிறகு வருகிறது. பாதத்தில் மரத்துப்போவதில் தொடங்கி மேலே ஏறும். இதைப் படிப்பவர்களில் யாராவது இந்தப் பெயரை இன்றுதான் முதல்முறை கேட்டுவிட்டு மருத்துவமனை நடைவழியில் உட்கார்ந்திருக்கலாம். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். பெரும்பாலானவர்கள் எழுந்து நடக்கிறார்கள். என்னிடம் இதை யாரோ சொன்னபோது நான் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம். நினைவில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து நாட்டில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அவளை விமானத்தில் கொண்டுபோனார்கள். அங்கே இம்யூனோகுளோபுலின் (பலருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) ரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள். அதற்குள் மூச்சுத் தசைகள் தளர்ந்துவிட்டன. வென்டிலேட்டர் வைத்தார்கள். பிறகு டிரக்கியாஸ்டமி (தொண்டையில் துளையிட்டு மூச்சுக்குழாய் பொருத்துவது). இவை ஒவ்வொன்றையும் எனக்குத் தொலைபேசியில் சொன்னது ஒரே குரல். "ஆன்ட்டி, நான் நேகி பேசுறேன்" என்று அது இந்தியில் தொடங்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே எரியும். நீ ஏன் அங்கே இருக்கிறாய், நான் ஏன் கொல்கத்தாவில், லேக் கார்டன்ஸ் வீட்டில் இருக்கிறேன் என்று.

சில வாரங்களில் உடல்நிலை சற்று நிலைத்ததும் கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார்கள். ராணுவ மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் கதவு திறந்தபோது நான் முன்னால் ஓடினேன். அவள் வாயோரத்தில் எச்சில் வழிந்தது. நான் முந்தானையை எடுப்பதற்குள், துணைக்கு வந்திருந்த நேகி மடித்த துணியால் துடைத்துவிட்டார். பல நாள் செய்து பழகிய கை அது. யாரும் சொல்லாமலே எனக்குப் புரிந்தது.

அன்று மாலையே அவர் எங்களிடம் சொன்னார். திருமணம் செய்துகொள்ள நினைத்திருக்கிறார்கள். அடுத்த விடுப்பில் அபர்ணாவே எங்களிடம் சொல்வதாக இருந்தது.

"கேம்ப்ல யார்கிட்டயும் சொல்லல ஆன்ட்டி. ஒரு ஆளுக்குத் தெரிஞ்சாலும், அன்னிலேர்ந்து அவ கேப்டன் இல்ல, நேகியோட ஆளு. அவ ஒரு ரூட் மாத்துனாக்கூட எனக்காக மாத்துனான்னுதான் பேசுவாங்க. அவளுக்கு அது வேண்டாம்னு சொன்னா."

நியாயம்தான். பெஹாலாவில் ஒரு பள்ளியில் இருபது வருடங்களாக வேதியியல் நடத்துகிறேன். ஆசிரியர் அறையில் ஒரு பெண்ணின் பெயர் எப்படி இன்னொருவர் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முகாமில் உள்ளவர்களுக்குச் சொல்லாததை எனக்கும் சொல்லவில்லை என்பதுதான் அப்போது என் காதில் விழுந்தது.

என் கணவருக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. கிடர்பூர் துறைமுக அலுவலகத்திலிருந்து நேராக மருத்துவமனைக்கு வந்து, நேகியைக் கேன்டீனுக்கு அழைத்துப் போய் லுச்சி (வங்காளத்து மைதா பூரி) வாங்கிக் கொடுப்பார். நான் முகத்தைத் தூக்கி வைத்திருப்பதைப் பார்த்து ஒருநாள், "நமக்கு வந்திருக்கிறது மருமகனா, இல்ல உனக்கு மாமியாரா? அவனைக் கண்டாலே இப்படி விறைச்சுக்கிற" என்றார்.

பார்வையாளர் நேரத்தில் உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி. அதை நான் எடுத்துக்கொண்டேன். தினமும் பிற்பகலில் நல்லெண்ணெயைக் கையில் சூடு பறக்கத் தேய்த்து அவள் பாதங்களை அழுத்திப் பிடித்துவிடுவேன். யாரையும் கேட்கவில்லை. மகளின் காலைப் பிடித்துவிட யாரைக் கேட்க வேண்டும்? அவளால் அப்போது இமைகளைத் தவிர எதையும் அசைக்க முடியாது. நான் கால் பிடிக்கும்போது அவள் கண்களிலிருந்து நீர் வழியும். அந்தக் கண்ணீர் எனக்கு ஆறுதலாக இருந்தது. நேகியிடம் அவள் அழுததாக யாரும் சொல்லவில்லையே.

"என்னடா வேணும் கண்ணா?" என்று கேட்பேன். இமைகள் துடிக்கும். தண்ணீரா, அப்பாவா, வலியா, தலையைத் திருப்பணுமா என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்பேன். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். களைத்துவிட்டாள் என்று நினைப்பேன்.

நேகி படைக்குத் திரும்பும் நாள் நெருங்கியது. ஒருநாள் என் கணவர் என்னைக் கேட்காமலே என் அனுமதிச் சீட்டை அவரிடம் கொடுத்துவிட்டார். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். நேகி எதையும் தொடவில்லை. ஒரு கேள்வி கேட்டார், காத்திருந்தார். இன்னொரு கேள்வி, மறுபடி காத்திருந்தார். பிறகு எழுந்து அவள் கால்மாட்டுக்குப் போய், பாதங்களின் மேலிருந்த போர்வையை நீக்கி, துணி படாதபடி கட்டில் கம்பியின் மேல் கூடாரம் போலப் போட்டார். அபர்ணாவின் இமைகள் தளர்ந்தன. அவள் வந்ததிலிருந்து நான் பார்க்காத தளர்ச்சி.

வெளியே வந்து என்னிடம் மெல்லச் சொன்னார்.

"ஆன்ட்டி, காலைத் தொட்டா அவளுக்கு நெருப்பு பட்ட மாதிரி இருக்காம். போர்வை பட்டாக்கூட."

அசைய முடியாத காலுக்கு உணர்வும் இருக்காது என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இந்த நோயில் தசை செயலற்றுக் கிடக்கும்போதே வலி நரம்புகள் தாறுமாறாகக் கூச்சலிடலாம். இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்: தொடுவதற்கு முன் கேளுங்கள்.

எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். கேட்கவே பிடிக்கவில்லை, ஆனால் கேட்டேன். ரோந்தில் பதுங்கியிருப்பவர் வாயைத் திறக்கக் கூடாது. வயர்லெஸ்ஸின் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் ஆமாம். ஒருமுறை என்றால் இல்லை. அதனால் கேட்பவர்தான் கேள்வியை ஒழுங்குபடுத்த வேண்டும். பெரியதிலிருந்து சிறியதுக்கு, ஒரு நேரத்தில் ஒன்று, பதில் வரும்வரை மௌனம். வலிக்கிறதா? இடுப்புக்குக் கீழேயா? இரண்டு பக்கமுமா? தொட்டால் கூடுமா? அவள் பொத்தானுக்குப் பதில் இமைகளை மூடித் திறந்தாள். அவ்வளவுதான். சிஸ்டர்களும் ஏறக்குறைய இப்படித்தான் அவளிடம் கேட்பார்கள் என்று பிறகு கவனித்தேன். எனக்குத்தான் கேள்விக்கும் கேள்விக்கும் நடுவே வாயை மூடத் தெரியவில்லை.

நன்றி சொல்லியிருக்க வேண்டும். "அவ சின்ன வயசிலேர்ந்தே எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டா" என்று மட்டும் சொன்னேன். அவளைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்று என்னிடம் மிச்சம் இருக்க வேண்டும் என்று தோன்றியது. "தெரியும் ஆன்ட்டி" என்றார். அதையும் எடுத்துக்கொண்டார்.

அவர் திரும்பிப் போனார். நான் அந்த முறையைக் கற்றுக்கொண்டேன். ஒரு கேள்வி, மௌனம், இமை. மௌனம்தான் கடினம். சில சமயம் இமை அசைவதற்குள் வெளியே நடைவழியில் ஒரு தள்ளுவண்டி முழுதாகக் கடந்து போய்விடும்.

நரம்பியல் மருத்துவர் ஒரு பெண் கர்னல். எப்போது நடப்பாள் என்று அவரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பேன். அவர் ஒருமுறை நின்று பதில் சொன்னார். நரம்பின் உறை மீண்டும் வளர்வது முடி வளர்வது போல. பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியாது. பெரும்பாலும் கடைசியாகப் போனது முதலில் வரும், முதலில் போனது கடைசியில் வரும். மூச்சு வரும், பிறகு கை. பாதம் எல்லாவற்றுக்கும் பின்னால்.

அப்படியே வந்தது. வென்டிலேட்டரைப் பகலில் கழற்றி, பிறகு இரவிலும் கழற்றினார்கள். ஒரு காலை தொண்டைக் குழாயில் பேச்சு வால்வு (மூச்சைக் குரல்வளை வழியாகத் திருப்பிவிடும் சிறு மூடி) பொருத்தினார்கள். நான் அன்று நல்ல புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். குழந்தையாக அவள் பேசிய முதல் சொல் எனக்கு நினைவிருக்கிறது. இரண்டாவது முறையும் அதையே கேட்கப் போகிறேன் என்று நம்பினேன்.

மணல் உரசுவது போல ஒரு குரல் வந்தது.

"நேகி கேம்ப்புக்குப் போய்ச் சேந்துட்டானா?"

"சேந்துட்டார்" என்றேன். அவர் போய்ச் சேர்ந்ததை முதலில் எனக்குத்தான் செய்தியாக அனுப்பியிருந்தார்.

அவள் என்னையே பார்த்தாள். மூச்சு சேர்த்துக்கொண்டு சொன்னாள்.

"உனக்குப் பொறாமைம்மா."

"ஒண்ணுமில்ல. நீ பேசாத, தொண்டை வலிக்கும்."

"இத்தனை நாளா உன் மூஞ்சியைத்தான பாத்துட்டுக் கெடந்தேன். எனக்கு வேற என்ன வேலை?"

சிஸ்டர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. அவள் அசையாமல் கிடந்த நாளெல்லாம் நான்தான் அவளைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன் என்று எண்ணியிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தினமும் பிசியோதெரபிஸ்ட் வந்தார், சோமா என்ற வங்காளிப் பெண். என்னை மாஷிமா, அதாவது சித்தி என்றுதான் கூப்பிடுவார். நான் அவசரப்பட்டு அபர்ணாவின் தோளைத் தாங்கினால், "மாஷிமா, நீங்க பிடிச்சா உங்க கைதான் பலமாகும்" என்பார். உட்கார, நிற்க, கம்பியைப் பிடித்து நடக்க என்று மாதங்கள் போயின. பிறகு காலையில் என் இடது கையைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரை வரை நடந்தாள். பாதம் தூக்க வராததால் இரண்டு காலிலும் பட்டை கட்டியிருந்தாள். அக்கம்பக்கத்தார் நின்று பார்ப்பார்கள். அவள் முழு எடையும் என் முழங்கையில் இருக்கும்.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அந்த மாதங்கள் எனக்குப் பிடித்திருந்தன. பதினெட்டு வயதில் வீட்டைவிட்டுப் போனவள். விடுப்பில் வந்தால்கூடப் பெட்டியை முழுதாகப் பிரிக்க மாட்டாள். இப்போது தலை சீவிவிடவும் நான் வேண்டியிருந்தது. மாலையில் நேகியின் அழைப்பு வரும்போது பக்கத்து அறையில் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே அடுக்குவேன்.

படையில் அவளுக்கு மருத்துவத் தகுதியைக் குறைத்து, அலுவலகப் பணி தருவதாகச் சொன்னார்கள். திருமணமானால் இருவருக்கும் ஒரே ஊரில் பணி கேட்கலாம் என்று அவள் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். அந்த ஊர் கொல்கத்தாவாக இருக்க வாய்ப்பில்லை.

நேகியின் வெளிநாட்டுப் பணி முடிந்தது. விமான நிலையத்துக்கு நானும் வருவேன் என்று அபர்ணா பிடிவாதம் பிடித்தாள். சக்கர நாற்காலி சொல்லிவைக்கலாம் என்றேன்.

"என்னை ஸ்ட்ரெச்சர்ல பாத்துட்டுப் போனவன்மா. நான் நடந்து போய்த்தான் கூட்டிட்டு வரணும்."

வெளியே வருபவர்களுக்கான தடுப்புக்கு முன்னால் நின்றோம். அவள் என் இடது கையைப் பிடித்திருந்தாள். நேகி பையோடு வெளியே வந்து எங்களைப் பார்த்தார். அபர்ணா அவரை நோக்கி உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டினாள், நில் என்பது போல. அவர் நின்றார். அவள் என் கையை விட்டாள்.

இடையில் நாலைந்து வண்டிகள் நிற்கும் தூரம்கூட இல்லை. முதல் அடியிலேயே ஒரு பக்கம் சாய்ந்தாள். என் உடம்பு முன்னால் போனது. என் கணவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். வந்து பிடிக்க வேண்டியதுதானே என்று எனக்கு நேகி மேல் ஆத்திரம் வந்தது. அவர் அசையவில்லை. பையின் வாரைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. அவருக்கும் பயம்தான். ஆனாலும் நின்றார். பின்னால் வந்தவர்கள் அவரை இடித்துக்கொண்டு போனார்கள். அவள் ஓர் அடி வைத்தாள், நின்றாள், அடுத்ததை வைத்தாள். எவ்வளவு நேரம் ஆனது என்று என்னால் சொல்ல முடியாது. அவள் குழந்தையாக எழுந்து நின்றதிலிருந்து இன்றுவரை ஆன நேரம் என்று சொன்னாலும் பொய்யாகாது.

எனக்கு இப்போதும் அவர்மேல் பொறாமை இருக்கிறது. அவளைத் தாங்கியதற்காக அல்ல, அது என்னாலும் முடியும். நின்றதற்காக.

காரில் அவர்கள் இருவரும் பின்னால் உட்கார்ந்து ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். நான் முன்னால் இருந்தேன். பாலம் ஏறி இறங்கிய பிறகுதான் கவனித்தேன். என் இடது முழங்கை இன்னும் மடங்கி, எதையோ தாங்கியபடி இருந்தது. அதைக் கீழே இறக்கி மடியில் வைத்தேன். வேறு யாருடைய கையோ போல மிகவும் லேசாக இருந்தது.