அம்மா கழுவி வைத்த காசுகள்

செம்புக்கு ஒரு வாசம் உண்டு. பழைய ஒரு சதக் காசை வியர்த்த உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்தி வைத்திருந்து, பிறகு கையை விரித்து முகர்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். அப்பாவின் விரல்களில் எந்நேரமும் அந்த வாசம் இருந்தது. சவுக்காரம் போட்டுக் கழுவினாலும் போகாது. சோறு பிசைந்து எனக்கு ஒரு வாய் ஊட்டினால் பருப்போடும் கருவாட்டோடும் அதுவும் சேர்ந்து வரும். மற்றப் பிள்ளைகளின் அப்பாமாரிடம் பீடி நாற்றமோ, தேயிலைக்கு அடிக்கிற மருந்தின் நெடியோ இருக்கும். என் அப்பாவிடம் காசு வாசம் மட்டுமே இருந்தது, காசு இருந்ததில்லை என்று லயத்து வரிசை வீடுகளில் சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்பா பழங்காசு வியாபாரி. டிக்கோயாவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில்தான் முதலில் வேலை பார்த்தார். அதை மூடி, இயந்திரங்களைக் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டு போனபோது, கூட வேலை செய்தவர்கள் கொழும்புக் கடைகளுக்குப் போனார்கள். அப்பா போகவில்லை. ஏற்கெனவே இருந்த பழங்காசுப் பைத்தியத்தையே தொழிலாக்கிக்கொண்டார். வார நாட்களில் நோட்டன் பிரிட்ஜ், பட்டிப்பொல என்று பஸ்ஸிலும் ரயிலிலும் போய், லயம் லயமாக ஏறி இறங்கிப் பழங்காசு கேட்பார். ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் பஜாரில் ஒரு புடவைக்கடையின் ஓரமாகச் சின்ன மேசை போட்டு, கண்ணாடி மூடிய பெட்டியில் காசுகளை அடுக்கி வைத்து உட்கார்ந்திருப்பார். வாங்குகிறவர்களைவிட வேடிக்கை பார்க்கிறவர்களே அதிகம். ஆனால் அந்த மேசைக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்த நிம்மதியை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. "யாருகிட்டயும் தலைய சொறிஞ்சிக்கிட்டு நிக்க வேணாம் பாப்பா. காச பாத்தோமா, உள்ளத சொன்னோமா, வந்தோமான்னு இருக்கலாம்" என்பார்.

அம்மாவுக்கு அவை "செத்த காசு". "அத குடுத்தா கடைக்காரன் ஒரு நெருப்புப்பெட்டி குடுப்பானா?" என்று கேட்பாள். அவளைக் குறைசொல்ல முடியாது. எங்களைக் காப்பாற்றியது அவள் பறித்த கொழுந்துதான். விடிந்ததும் "பெரட்டு"க்களத்தில் போய் நின்று பேர் கொடுத்து, மலையேறி, அட்டைக்கடி பட்டு, மாலையில் நிறுக்கும்போது கிலோ குறைந்துவிட்டால் "அரைப் பேர்"தான் விழும். அதாவது பாதி நாள் சம்பளம். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்தால்தான் லயத்துக் "காம்பரா", அந்த ஒற்றை அறை, எங்களுக்கு. ஆகவே அவள் வேலையிலிருந்து நிற்க முடியாது. அவள் முழங்கால்களோ அப்போதே வீங்கத் தொடங்கியிருந்தன.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பாவுக்கு ஓர் "ஆனைக்காசு" கிடைத்தது. நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒருவர் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது எடுத்தது. வெள்ளைக்காரன் காலத்துச் செம்புக்காசு. ஒரு பக்கம் யானை நிற்கும். அந்த மாதிரிக் காசுகள் அங்கும் இங்கும் கிடைப்பவைதான். ஆனால் இவ்வளவு கெடாமல், யானையின் வால் மயிர்கூடத் தெரியும்படி, மேலெல்லாம் காய்ந்த கித்துள் கருப்பட்டி நிறத்தில் ஒன்றை அப்பா அதுவரை பார்த்ததில்லை. இது பெறுமதியான காசு என்று அந்த மனிதரிடம் மறைக்காமல் சொல்லி, சட்டைப்பையில் இருந்ததோடு கையிலிருந்த மணிக்கூட்டையும் கழற்றிக் கொடுத்து வாங்கி வந்தார்.

கண்டியில் ஒரு சிங்களப் பெரியவர் இருந்தார். ஓய்வுபெற்ற இன்ஜினியர், பழங்காசு சேர்ப்பவர். சரஸ்வதி பூஜை முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்கு வந்து காசைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அது விற்றால் பஜாரில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கடையும், பின்னால் ஓர் அறையும் வாடகைக்கு எடுக்கலாம் என்று அப்பா கணக்குப் போட்டிருந்தார். ஒரு நாள் என்னையும் ஹட்டனுக்குக் கூட்டிப்போய்த் திரும்பும்போது, பஸ்ஸில் என் காதருகே குனிந்து, "ஒங்கம்மா இனிமே பெரட்டுக்கு போக வேணாம் பாப்பா. இப்ப சொல்லிறாத, கைக்கு வந்த பெறகு சொல்லுவோம்" என்றார். நானும் சொல்லவில்லை.

இன்னொன்றும் அப்பா எனக்குச் சொல்லியிருந்தார். பழங்காசைத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் அதன் பெறுமதி போய்விடும். "காசுக்கும் தோலு இருக்கு. அத உரிச்சா அவ்வளவுதான்" என்று, யாராவது துலக்கிய காசைக் கொண்டுவரும்போதெல்லாம் சொல்வார். இதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது.

சரஸ்வதி பூஜை அன்று லயமே கழுவி விட்டதுபோல் இருக்கும். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகளையும் மண்வெட்டிகளையும் தேய்த்துச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். ஒரு வீட்டில் தையல் மெஷினுக்கு மாலை விழும். ஓட்டோ வைத்திருந்தவர் அதற்கு வாழைக்கன்று கட்டுவார். எங்கள் வீட்டில் வழக்கமாக அம்மாவின் கொழுந்துக் கூடை ஒன்றுதான். அந்த வருடம் அப்பா பொரிகடலை வாங்க ஹட்டனுக்குப் போயிருந்த நேரத்தில், பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்துக் காம்பரா அக்கா, "ஒங்க வூட்டுக்காரருக்கு என்னத்த வச்சி கும்பிடுவீங்க, வெறுங்கையவா?" என்று கேட்டு மற்றவர்களையும் சிரிக்க வைத்துவிட்டாள்.

அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அதுவரை விரலால்கூடத் தொட்டிராத அப்பா காசு வைத்திருந்த பிஸ்கட் டின்னை எடுத்தாள். "அவரு தொழிலும் தொழில்தான்" என்று எனக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியாது. கடதாசிச் சுற்றுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, காசுகளைச் சட்டியில் கொட்டி, புளி கரைத்து ஊற்றினாள். ஊறியதும் சாம்பல் தொட்டு, குத்துவிளக்கைத் துலக்குகிற அதே அக்கறையோடு ஒவ்வொரு காசாகத் தேய்க்கத் தொடங்கினாள்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். யானை உள்ள காசு சட்டியில் கிடப்பதைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். அந்த நேரம் அம்மா நிமிர்ந்து, நெற்றியில் விழுந்த மயிரை முழங்கையால் ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்பாவின் காசைப் பார்த்து அவள் சிரித்ததே இல்லை. நான் ஏதாவது சொன்னால் அந்தச் சிரிப்புப் போய்விடும், டின்னை எட்டி உதைப்பாள், பழையபடி செத்த காசு என்பாள் என்று பயந்தேன். பேசாமல் ஒரு தேங்காய்ப் பொச்சை எடுத்துக்கொண்டு நானும் உட்கார்ந்து தேய்த்தேன். யானைக்காசு என் கைக்கு வரவில்லை, அம்மாதான் தேய்த்தாள் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு ஆறுதலும் கிடைத்ததில்லை.

அப்பா வந்தபோது வாழையிலையில் காசுகள் வரிசையாக, புதுச் செம்புக்குடத்து நிறத்தில், ஒவ்வொன்றின் நெற்றியிலும் குங்குமத்தோடு இருந்தன. பொரிகடலைப் பையோடு வாசலிலேயே நின்றார். அவர் கண் நேராக எதைத் தேடிப் போனது என்று எனக்குத் தெரியும். பிறகு குனிந்து, யானைக்காசை, முகத்தில் விரல் பட்டுக் கறைபடாமல், வழக்கம்போல ஓரத்தில் பிடித்து எடுத்துப் பார்த்தார். இனி எங்கே பிடித்தாலும் ஒன்றுதான். அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்கு புள்ள" என்றார் அப்பா. "இத்தன வருசத்துல இன்னிக்கிதான் என் காசு காசு மாதிரி இருக்கு."

அவர் அம்மாவை எதற்காகவும் பாராட்டி நான் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டிருக்கமாட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டு சூடம் எடுக்கப் போனாள். சாமி கும்பிடும்போது அப்பாவின் கண்ணில் நீர் வந்தது. சாம்பிராணிப் புகை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கண்டிப் பெரியவர் வந்தார். கழுவிய காசைத் திரும்பக் கறுக்க வைக்கிற வித்தை அப்பாவுக்குத் தெரியும். பஜாரில் சிலர் அதைத்தான் செய்து பிழைத்தார்கள். அவர் செய்யவில்லை. காசை நீட்டும்போதே, "இது கழுவின காசு, மாத்தயா" என்று சிங்களத்தில் சொன்னார். பெரியவர் "அனே!" என்று தலையில் கைவைத்தார். யார் கழுவியது என்று கேட்டார். "நான்தான்" என்றார் அப்பா. ஒரு வியாபாரியே இப்படிச் செய்யலாமா என்று முகம் சுளித்துக்கொண்டு அவர் போய்விட்டார். அந்தப் பேச்சு கண்டி வரைக்கும் போனது. நல்ல காசு தேடுகிறவர்கள் அப்பாவின் மேசைப்பக்கம் திரும்ப வர வெகுகாலம் பிடித்தது. மாடிப்படிக்குக் கீழே இருந்த கடையை ஒரு செருப்பு வியாபாரி எடுத்தார். அம்மா இன்னும் பதினான்கு வருடம் பெரட்டுக்குப் போனாள்.

அப்பா என்னிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த பூஜையிலிருந்து தேய்ந்த ஐந்து சதம், பத்து சதங்களை ஒரு தனிப் பையில் போட்டு அம்மாவின் கையில் கொடுப்பார். அவள் ஆசை தீரத் துலக்கி வைப்பாள். பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டுவாள். செத்த காசு என்ற சொல் எங்கள் வீட்டில் பிறகு கேட்கவே இல்லை.

இப்போது அந்தத் தொழிலை நான் செய்கிறேன். ஹட்டனில் ஒரு வாடகை அறை, ஒரு மேசை, படம் எடுத்து அனுப்ப ஒரு போன். மூன்று வேளை சாப்பிடுகிறோம். யாரிடமும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதில்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை. புடவைக்கடை ஓரத்தில் இப்போது மேசை போட விடுவதில்லை. எங்கள் லயம் இருந்த மலையில் தேயிலை காடாகிப் போய்க் காட்டுப்பன்றி திரிகிறது. அப்பா போய் ஏழு வருடமாகிறது. அம்மா என்னோடுதான் இருக்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள்.

போன வருடம், அவள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். யானைக்காசு, கடை, எனக்குத் தெரிந்திருந்தும் சொல்லாமல் இருந்தது, எல்லாம். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன். உண்மையில் அதைத்தான் எதிர்பார்த்தேன். அவள் மலையேறிய பதினான்கு வருடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேலையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டு, "அப்ப அன்னிக்கு ஒங்கப்பா நல்லாருக்குன்னு சொன்னாரே, அது பொய்யா?" என்று கேட்டாள்.

என் மனச்சுமை குறையட்டும் என்று சொல்லப்போய், அவளிடம் இருந்த ஒன்றே ஒன்றையும் பறித்துவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது. இந்த வருடம் பூஜைக்கு முதல்நாள் அப்பா கொடுக்கிற மாதிரியே ஐந்து சதம், பத்து சதங்களைப் பையில் போட்டு அவள் கையில் கொடுத்தேன். வாங்கினாள். அடுத்த நாள் பார்த்தேன், பை அவிழ்க்காமல் அப்படியே இருந்தது.