கதவில் சிக்கிய பிரிட்ஜ்

ஐசுவரியம் மனுஷனை எப்படிப் பிடிக்கும் என்று எங்கள் வேதக் கோயிலில் பிரசங்கம் வரும்போது, மற்றவர்கள் மாளிகைக்காரர்களை நினைப்பார்கள் போலும். எனக்கு ஒரு பிரிட்ஜ்தான் ஞாபகம் வரும்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் முதன்முதலாகப் பிரிட்ஜ் வந்தது எங்கள் வீட்டுக்கு. கொட்டகலைக் கடையிலிருந்து லொறியில் வந்து இறங்கியது. இந்தக் குளிரில் இது எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. "வாசல்ல வச்சாலே எல்லாம் வெறச்சுப் போகுது. என் தம்பி காசு குடுத்துக் குளிர வாங்கியிருக்கான்" என்று பெரியப்பா பீலியடியில் தண்ணீர் பிடித்தபடி சொல்லிச் சிரித்தார். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த சொந்த அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

அம்மா அப்போது குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தார். இரண்டே வருஷம் என்று சொல்லிவிட்டுப் போனவர். முதலில் கூரைத் தகரம் மாற்றினோம். பிறகு டீவி, மெத்தை, தரைக்குப் பூப்போட்ட விரிப்பு. ஒவ்வொன்று வந்த பிறகும் "இன்னும் ஒரு வருசம் பல்லக் கடிச்சுக்க" என்று அப்பா போனில் சொல்வது எனக்குக் கேட்கும். பிரிட்ஜ் வாசலுக்குள் நுழையாமல், மர நிலையைக் கழற்றித்தான் உள்ளே ஏற்றினார்கள். அதன்பின் அப்பா பழைய நிலையை வைக்கவில்லை. இரும்பு நிலையைச் சிமெந்தில் பதித்து, இரும்புக் கதவு போட்டார். ஜன்னலுக்குக் கம்பி அடித்தார். கள்ளன் தகரத்தைத் தூக்கிக்கொண்டு இறங்குவான் என்று, கூரைக்குப் போல்ட் போட்டு நட்டுகளை உள்பக்கமாக முறுக்கினார்.

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம் அதுவரை எங்கள் காம்பராவில்தான் நடந்தது. விரிப்பு போட்ட பிறகும் இரண்டு வாரம் ஆட்கள் சேற்றுக் காலோடு வந்து உட்கார்ந்தார்கள். மூன்றாவது வாரம் அப்பா, ஜெபம் நடத்தும் உபதேசியாரிடம், "வீட்டுல கொஞ்சம் வேல நடக்குதுங்க" என்றார். வேலை ஒன்றும் நடக்கவில்லை. ஜெபம் நின்றுபோனதில் எனக்கும் கவலை இல்லை. பிரிட்ஜும் வந்துவிட, டம்ளரில் தண்ணீர் உறைந்துவிட்டதா என்று திறந்து திறந்து பார்ப்பதே எனக்கு வேலையாக இருந்தது. பெரியப்பா பிள்ளைகள் ஒரு துண்டு ஐஸ் கேட்டு வந்தால் கதவைச் சாத்திக்கொள்வேன். எனக்கு ஒன்பது வயது.

பள்ளிக்கூட லீவில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். பெண்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா தேயிலைத் தூளாக்கும் ஸ்டோரில் வேலையாக இருந்தார். எங்கள் லயத்துக்கு எட்டுக் காம்பரா. அந்தப் பக்க ஓரத் தொங்கலில் இருந்த முதல் காம்பராவில் கரண்டு வயர் பற்றிக்கொண்டது. காற்று எங்கள் பக்கமாக அடித்தது.

லயத்தில் நெருப்புப் பிடித்தால் வாளித் தண்ணீரால் பிரயோசனமில்லை. எட்டு வீட்டுக்கும் ஒரே கூரை. நெருப்பு மேலாலேயே ஓடிவிடும். அது வருமுன் ஒரு காம்பராவின் கூரையைப் பிரித்துப் போட்டால்தான் மிச்ச வீடுகள் தப்பும். பிரிபடுகிற வீட்டுக்காரர் ஒன்றும் பேசமாட்டார். எங்கள் ஆட்களுக்குள் அது எப்போதும் உள்ள ஏற்பாடு. இரண்டாவது எரியும்போதே நாலாவதைப் பிரிப்பதென்று முடிவாகிவிட்டது. நாலாவது எங்களுடையது.

இரண்டு பேர் ஏறினார்கள். தகரம் அசையவில்லை. அலவாங்குக் கம்பியை விட்டு நெம்ப ஓர் இடுக்கும் இல்லை. உள்ளே போய் நட்டைக் கழற்றினால்தான் உண்டு. கதவில் பூட்டு, சாவி என் கழுத்தில்.

"பாப்பா, சாவியக் குடும்மா" என்று பெரியப்பா கையை நீட்டினார்.

"அப்பா யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னாரு."

"லயமே எரியுது புள்ள."

"அப்பா வரட்டும்."

சாவிக் கயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். அவர் பறித்திருக்கலாம். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போய், ஐந்தாவதான தன் காம்பராமேல் ஏறி, தன் தகரங்களைத் தானே பிடுங்கத் தொடங்கினார்.

அப்பா ஓடி வந்தார். சாவியை வாங்கித் திறந்தவர், "யாரும் உள்ளுக்கு வராதீங்க, சாமான மிதிப்பீங்க" என்றார்.

"தம்பி, சாமான விடு. நட்டக் கழட்டு" என்று பெரியப்பா மேலிருந்து கத்தினார்.

"ரெண்டு நிமிசண்ணே."

டீவி வெளியே வந்தது. மூன்றாவது காம்பராக் கூரை சடசடவென்று எரியத் தொடங்கியது. மெத்தை வந்தது. பிறகு பிரிட்ஜ் வாசலுக்கு வந்து நின்றது. அது உள்ளே போனது நிலையைக் கழற்றித்தான் என்பதை அப்பா மறந்துவிட்டார். அவர் உள்ளிருந்து தள்ள, வெளியிலிருந்து நாலு பேர் இழுக்க, அது சரிந்து இரும்பு நிலைக்குள் இறுகிக்கொண்டது. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. லயத்து வீட்டுக்கு வாசல் ஒன்றுதான். மேலே இருந்த சின்ன இடைவெளியில் அப்பாவின் விரல்கள் மட்டும் தெரிந்தன.

அந்த இடைவெளியால் புகை வந்தது. விரல்கள் மறைந்தன. உள்ளே அப்பா இருமுவது மட்டும் கேட்டது. நான் பிரிட்ஜைக் கையால் தட்டித் தட்டி அவரைக் கூப்பிட்டேன். இருமல் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. இயேசப்பா என்பதைத் தவிர வேறு சொல் எனக்கு வரவில்லை.

பெரியப்பா எங்கள் கூரைக்குத் தாவித் தகரத்தின்மேல் குப்புறப் படுத்தார். "தம்பி, கேக்குதா? மேச மேல ஏறு. என் சத்தம் வர்ற மூலையில ரெண்டு நட்டு. அது போதும்டா."

ஸ்பெனர் தகரத்தில் இடிக்கும் சத்தம் கேட்டது. நின்றது. திரும்பக் கேட்டது. பிறகு ஒரு மூலை எழும்பியது. பெரியப்பா தோள்வரை கையை உள்ளே விட்டார். அப்பாவின் சட்டைக் கழுத்தைப் பிடித்து, மற்ற இரண்டு பேரோடு சேர்ந்து மேலே இழுத்தார். எழும்பிய மூலையில் அலவாங்கைக் கொடுத்து மிச்சத் தகரங்களையும் பெயர்த்தார்கள். நெருப்பு எங்கள் காம்பராவை எரித்துவிட்டு அதோடு நின்றது.

வீடு போனவர்கள் எல்லாரும் அன்று பின்னேரம் பிள்ளைக் காம்பராவில் கூடினோம். தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விடுகிற கட்டடம் அது. உபதேசியார் வெள்ளிக்கிழமை ஜெபத்தை அங்கேயே வைத்தார். அப்பா வெறும் சிமெந்துத் தரையில் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாட்சி சொல்ல எழும்பி, "கர்த்தர் எனக்கு ரெண்டு நிமிசம் குடுத்தாரு. நான் அதுல டீவியத் தூக்கினேன்" என்றார். அதோடு உட்கார்ந்துவிட்டார்.

ஜெபம் முடிந்ததும் அம்மா குவைத்திலிருந்து போன் எடுத்தார். அப்பாவோடு ஒட்டி நின்றதால் எனக்கும் கேட்டது. அழுது முடித்து, "எல்லாம் போயிருச்சாங்க?" என்றார்.

"போயிருச்சு."

பிறகு, "அப்ப நான் வந்துரட்டுமாங்க?" என்றார் அம்மா.

அப்பா போனைக் கையால் பொத்தினார். "அம்மாவ வரச் சொல்லு பாப்பா" என்று போனை என் கையில் தந்தார்.

நான் வாங்கி, "அம்மா, பிரிட்ஜ் எரிஞ்சுபோச்சு. இன்னொன்னு வாங்கக் காசு அனுப்புங்க. இந்தத் தடவ கதவால போற அளவா பாத்து வாங்குவோம்" என்றேன்.

"சரிடா தங்கம்" என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டார். அதன்பிறகு அப்பா எத்தனையோ தடவை வரச் சொல்லிக் கூப்பிட்டார். ஆனால் அம்மா வந்து சேர மூன்று வருஷமானது.

அன்று அம்மா போனை வைத்ததும், அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி முகத்தை மூடிக்கொண்டார். சாமான்களை நினைத்து அழுகிறார் என்று நினைத்தேன். அவரைத் தேற்றுவதற்காகத் தோளைத் தொட்டு, "அம்மா சரின்னுட்டாங்கப்பா" என்றேன்.