டிகிரியும் ஐம்பத்தேழு இலையும்

1998 ஜூன் 11. இலை 5.
2003 ஜூன் 11. இலை 22. கோடு 3.
2012 ஜூன் 11. இலை 40. கோடு 16.
2019 ஜூன் 11. இலை 57. கோடு 24.
2019 ஜூன் 17. இலை 56.

இவை பொதுத் தோட்டத்துப் பசுமைக்குடிலில் வேலை பார்த்த டிகிரியின் நோட்டில் உள்ளவை; கோடு என்பது அடியில் கோடு விழுந்த இலைகளின் கணக்கு. டிகிரி என்பது பட்டப்பெயர். வாயைத் திறந்தால் இருபத்தாறு டிகிரி, இருபத்தெட்டு டிகிரி என்றுதான் வரும். பத்தாம் வகுப்போடு படிப்பை மூட்டை கட்டியவர் என்பதால் அதில் ஒரு குத்தலும் இருந்தது.

"எல்லாரும் டிகிரி வாங்குவாங்க, நம்ம அண்ணன் டிகிரி பாப்பாரு" என்பார் ரோஜாப் பாத்தித் தோட்டக்காரர்.

அவர் கண்ணும் கருத்துமாகப் பார்த்துவந்தது ஒரு பறவைக்கூட்டுப் பெரணி. வெப்பக் காட்டில் மரக்கிளையைப் பற்றி வளரும் வகை. நேர் வெயில் பட்டால் இலை கருகும். காற்றில் ஈரம் குறைந்தால் நுனி காயும். நீரை ஓரமாகத்தான் விட வேண்டும்; நடுவில் ஊற்றினால் குருத்து அழுகிவிடும். ஒருமுறை மனைவிக்குக் காய்ச்சல் வந்தபோது வெப்பமானியைப் பார்த்துவிட்டு, "முப்பத்தொன்பது. பெரணிக்கு இது ஒத்துவராது" என்றார்.

"எனக்கு மட்டும் ஒத்துவருமாக்கும்" என்றாள் அவள், போர்வைக்குள்ளிருந்து.

2019 ஜூன் 11 அன்று, இலைகளை எண்ணி முடித்த நேரத்தில், புதிதாக வந்திருந்த மேலாளர் குடிலுக்குள் நுழைந்தார். ஓர் இலையைத் திருப்பினார். அடியில், நடு நரம்பின் இருபுறமும் பழுப்புக் கோடுகள் மீன்முள் போல வரிசையாக நின்றன.

"துரு நோய். மத்த செடிக்குப் பரவிடும். எரிச்சிடுங்க."

"நோய் இல்ல சார், வித்து. வருஷா வருஷம் வரும். முத்தினதும் தூளா உதிரும்."

"இதெல்லாம் எங்க படிச்சீங்க?"

"இங்கதான் சார்."

மேலாளர் சிரிக்கவில்லை. வேறு யாராவது எழுத்தில் சொன்னால் பார்க்கலாம் என்று ஜூன் 30 வரை கெடு கொடுத்தார்.

டிகிரி மறுநாளே ஓர் இலைத் துண்டையும், இருபத்தொரு வருடக் குறிப்பின் நகலையும் தாவர ஆய்வு நிலையத்துக்கு அனுப்பினார். எந்த மாதம் கோடு தோன்றியது, எந்த நாள் தூள் உதிர்ந்தது, அன்றைய வெப்பம், ஈரம் எல்லாம் அதில் இருந்தன. பதினேழாம் தேதி பதில் வந்தது: துண்டு போதாது, முழு இலை வேண்டும்.

கத்தியைக் கொதிநீரில் முக்கி எடுத்து, எந்த இலை என்று முக்கால் மணி நேரம் பார்த்தார்.

"நகம் வெட்டுறதுக்கு நாள் பாக்குற மாதிரி பாக்குறீங்களே, அண்ணே" என்றார் தோட்டக்காரர்.

"உனக்கு நகம். எனக்கு இது நாலு வருஷத்து இலை" என்று சொல்லிவிட்டு ஓர் இலையை அடியோடு அறுத்தார்.

பிறகு பதினொரு நாள் ஒன்றும் வரவில்லை. குடிலுக்குப் பின்னால் விறகு அடுக்கியாகிவிட்டது. டிகிரி வழக்கம்போல நீரை ஓரமாகவே விட்டார்.

கடிதம் வந்ததும் மேலாளர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். நோயில்லை, முதிர்ந்த வித்துகள். இத்தனை சீரான பதிவு கிடைப்பது அரிது என்று எழுதியிருந்தது. மேலாளர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று இருந்தது.

"நீங்க முனைவரா?"

"இல்ல சார். அவங்க தப்பாப் போட்டுட்டாங்க."

மேலாளர் செடியை எரிக்க எழுதிவைத்திருந்த உத்தரவுத் தாளை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். "விறக வேற எதுக்காவது வெச்சுக்கச் சொல்லுங்க" என்றார்.

டிகிரி குடிலுக்குத் திரும்பி, பென்சிலால் 'முனைவர்' என்பதை மட்டும் அடித்துவிட்டு, உறையை நோட்டில் ஒட்டினார். கீழே எழுதினார்: இலை 56. வெப்பம் 26. கடிதம் வந்தது, 2019 ஜூன் 28.