மருந்துச்சாலை வாசலில் ஒரு சோடிச் செருப்பு

எண்பதுகளில், அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, சுவிசின் பாசல் நகரில் நானும் ஒரு மன்னார் அண்ணையும் ஒரே அறையில் இருந்தோம். சப்பாத்துகளைக் கதவுக்கு வெளியே மாடிப்படியருகே கழற்றிவிடுவோம். கட்டடப் பொறுப்பாளர் கண்டால் கத்துவார். "சப்பாத்தோட ஆரும் வீட்டுக்குள்ள வருவினமோ?" என்று அண்ணை என்னிடம்தான் கோபப்படுவார். அவருக்கு டொச், அந்த ஊர் ஜேர்மன் பாஷை, வராது.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும், ஆபிரிக்காவில் வேலை செய்துவிட்டு வந்த தாதி ஒருவர் தேவாலய மண்டபச் சுவரில் படங்கள் காட்டினார். எங்கோ ஒரு கிராமத்தில், இங்கே சேர்த்த காசில் பள்ளிக்கூடமும் வருத்தக்காரரைப் பார்க்கும் மருந்துச்சாலையும் எழும்பியிருந்தன. வந்திருந்தவர்கள் கேக் தின்றபடியே கைதட்டினார்கள். எங்களையும் ஒருநாள் இப்படிச் சுவரில் காட்டுவார்கள் என்று எனக்கு எரிச்சல்.

அடுத்த படத்தில் மாலை வெயில். மருந்துச்சாலை பூட்டியிருந்தது. வாசற்படியில் ஒரு சிறுபிள்ளையின் செருப்புச் சோடி.

"எவ்வளவு துப்புரவான சனங்கள்!" என்றார் முன்வரிசைப் பெண் ஒருவர். தாதி படத்தை மாற்றாமல் நின்றார்.

அண்ணை என் கையைப் பிடித்தார். "கதவு பூட்டியாச்சு, செருப்பு கிடக்குது. அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் போயிருக்கினம்."

அரைகுறை டொச்சில் நான் தாதியிடம் அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்டேன்.

"காலையில் நடந்துதான் வந்தாள். மாலைக்குள் இறந்துபோனாள்," என்றார்.

பிறகு பள்ளிக்கூடப் படங்கள் வந்தன. நான் பிள்ளைகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று அறைக்குத் திரும்பியதும், யாரும் கத்தாமலே, அண்ணை இருவரின் சப்பாத்துகளையும் எடுத்து உள்ளே வைத்தார்.