மாவு பிசைந்த கை

குற்றவாளிகள் வழக்கமாகத் தலைமறைவாகிவிடுவார்கள். நானோ ஒன்பது வயதில் எங்கள் பங்காளி வீடுகள் பதினொன்றையும் படுக்க வைத்துவிட்டு, கழுத்தில் மாலையோடு ஊர் நடுவே நின்றேன்.

எழுபதுகளின் கடைசி. ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் கரும்பு விளையும் ஊர். முந்தின வருஷம் எனக்கு அம்மை போட்டிருந்தது. இறங்கிவிட்டால் அடுத்த நோம்பித் திருவிழாவுக்கு மகளே தன் கையால் மாவு பிசைந்து மாவிளக்கு எடுப்பாள் என்று அம்மா மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டார். ஊறவைத்து இடித்த பச்சரிசி மாவும் வெல்லமும் ஏலக்காயும் சேர்ந்தால் மாவிளக்கு மாவு. அடுப்பில் ஏறாத பண்டம். சாமி கும்பிட்டபின் பங்காளி வீடு ஒவ்வொன்றுக்கும் அதில் ஓர் உருண்டை போகும்.

நோம்பியன்று விடிந்ததும் வைக்கோல்போருக்குப் பின்னால் போய் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். வயிற்றாலும் போனது. சொன்னால் என்னைப் படுக்கப் போட்டுவிட்டு மாவிளக்குத் தட்டத்தை அக்கா கையில் கொடுத்துவிடுவார்கள். என் புதுப் பட்டுப்பாவாடை அவளுக்கும் பொருந்தும் என்பதை நான் ஏற்கனவே கவனித்திருந்தேன். கையைப் பழைய பாவாடையில் துடைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

பத்து மணி வாக்கில் சித்தப்பா சைக்கிளில் வெல்லம் கொண்டுவந்தார். அப்பாவின் தம்பி. அந்த வருஷம்தான் சொந்தமாக ஆலை போட்டு வெல்லம் காய்ச்சத் தொடங்கியிருந்தார். வெளுத்த வெல்லம்தான் சந்தையில் போகும் என்று பலரும் பாகில் மருந்து தூவிய காலம். இவர் தூவமாட்டார். அதனால் அவருடைய வெல்லம் அவரைப் போலவே கறுப்பு.

“கருப்பா இருக்குதேன்னு பாக்காதீங்கண்ணி. நாக்குல வெச்சுப் பாத்துட்டு அப்பறம் பேசுங்க” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, பாகு காய்ச்சும் கொப்பரை அடுப்பில் இருக்கிறதென்று உடனே திரும்பிவிட்டார். நான் முழங்கை வரை விட்டுப் பிசைந்தேன். சும்மா சொல்லக்கூடாது, பக்தியோடுதான் பிசைந்தேன்.

மறுநாள் சாயங்காலம் தொடங்கியது. யாருக்கும் தலை குனியாத பெரியப்பா வாசலில் ஒரு வாளிக்கு முன்னால் குனிந்திருந்தார். அம்மா அடுப்படியிலேயே சாய்ந்தார். அக்கா தண்ணீர் கேட்டாள். குடித்ததும் அதுவும் வெளியே வந்தது. அத்தையின் இரண்டு வயதுக் குழந்தை கண் செருகிக் கிடந்தது. பெரியவர்கள் கோபப்பட்டுப் பார்த்திருக்கிறேன், குடித்துவிட்டு ஆடியும் பார்த்திருக்கிறேன். எல்லோரும் ஒரே நேரத்தில் சரிந்து பார்த்ததில்லை. வாசலில் நின்று அழக்கூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேதி கேட்டுச் சித்தப்பா ஓடி வந்தார். ஆலையிலேயே கிடந்ததால் அவர் மாவு தின்றிருக்கவில்லை. குழந்தைக்குச் சொட்டுச் சொட்டாக உப்புத் தண்ணீர் புகட்டினார். பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து வீடு வீடாக வாந்தியைத் துடைத்தார். எல்லா வீட்டுக்கும் அதே துணி, அதே கை.

அதற்கடுத்த நாள் காலை, குழந்தை கண் திறந்தது. பெரியப்பாவுக்கும் பேச்சு வந்தது.

“ஏன்டா, கொப்பரையில என்னத்தடா போட்ட?”

“கரும்புச்சாறும் சுண்ணாம்புந்தானுங்கண்ணா. ஆத்தா மேல சத்தியமுங்க.”

“பல்லி கில்லி உழுந்திருக்கும்” என்றார் ஒருவர்.

“பல்லின்னா ஒரு ஊடு படுக்கும். பதனோரு ஊடு படுக்கோணும்னா உடும்பே உழுந்திருக்கோணும்” என்றார் இன்னொருவர், படுத்தபடியே.

சித்தப்பா மீந்திருந்த வெல்லத்தில் முழுசாக ஒரு கட்டியை எடுத்து, எல்லோரும் பார்க்கக் கடித்துத் தின்றார். “நாளைக்கும் இதே எடத்துல நிக்கறனா இல்லியான்னு பாருங்க” என்றார்.

மறுநாள் அவர் அங்கே நிற்கவில்லை. வாய்க்கால் கரையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்துக் கொண்டிருந்தார். அதற்குமேல் சாட்சி எதற்கு? மண்டிக்காரர் வண்டி பிறகு அந்த ஆலைப் பக்கம் திரும்பவேயில்லை.

எல்லோரையும்விட அதிகமாக மாவு தின்ற எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஆத்தா காப்பாற்றிய பிள்ளை என்று மாலை போட்டார்கள். என் கையால் திருநீறு வாங்கி, கொஞ்சம் வாயிலும் போட்டுக்கொண்டார்கள். அப்படி வாங்கிய சிலர் இரண்டாம் சுற்றில் படுத்தார்கள். அந்தப் பழியும் வெல்லத்தின் தலையில்தான் விழுந்தது.

போன வருஷம் என் மகனின் கல்லூரி விடுதியில் பாதிப் பேர் வாந்தியெடுத்துப் படுத்தபோது வந்த சுற்றறிக்கையைப் படித்தேன். நோரோ வைரஸ் என்று பெயராம். கண்ணுக்குத் தெரியாத துளி போதும். ஒட்டிய கையிலிருந்து சோற்றுக்குப் போகும், வாந்தி துடைத்தவரைத் தொற்றும், உடம்பு தேறிய பிறகும் சில நாள் பரவும், சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் போகும். எங்கள் ஊருக்கு வந்தது அதுதானா என்று இனி யாரும் சோதித்துச் சொல்ல முடியாது. ஆனால் வரிக்கு வரி என் வாழ்க்கை வரலாற்றைப் படிப்பதுபோல் இருந்தது. காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கை கழுவினேன், நாற்பது வருஷத்துக்கும் மேல் தாமதமாக.

முதலில் வாந்தி எடுத்தது யார் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. வெல்லம் எங்கள் வாசலுக்கு வருவதற்கு முன்பே நான் எடுத்துவிட்டேன் என்பது எனக்கு மட்டும் தெரியும். தெரிந்தும், அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடத் தெரியவில்லை.

கொப்பரையை விற்றுவிட்டு, வடக்கே ஆழ்துளைக் கிணறு போடப் போகும் ரிக் லாரியில் வேலைக்குச் சேர்ந்த சித்தப்பா, புறப்படும்போது என்னிடம் மட்டும் கேட்டார்:

“ஏஞ்சாமி, நீயுந்தான அந்த மாவத் தின்ன? உனக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகுல?”

“ஆத்தா காப்பாத்திருச்சுங்க சித்தப்பா.”

“அப்படித்தான் இருக்கோணும்” என்று குனிந்து, என் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். அவருக்கு வசதியாக இருக்கட்டுமென்று நான் கைகளை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தேன்.