மாடியிலிருந்து அனுப்பிய லீவு லெட்டர்

அப்போது எங்கள் வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று மாடியில் என் அறையில், இன்னொன்று கீழே ஹாலில். இரண்டிலும் லினக்ஸ் போட்டது நான்தான். பிரிண்டர் கீழே இருந்தது. மாடியிலிருந்து அனுப்பினால் ஒயர் வழியாகப் போய் அங்கே அச்சாகும். கீழ்க் கம்ப்யூட்டரை அணைத்தால் எனக்கு இன்டர்நெட் போய்விடும். அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று மதினியிடம் கறாராகச் சொல்லி வைத்திருந்தேன்.

ஆயுத பூஜையன்று சாயங்காலம், ஆபீசுக்கு ஒரு லீவு லெட்டர் அடித்து அனுப்பினேன். பிரிண்டர் சத்தமே கேட்கவில்லை. மாடியிலிருந்தே கீழ்க் கம்ப்யூட்டருக்கு ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பார்த்தால் உடனே பதில் தந்தது. அப்படியென்றால் ஒயரில் கோளாறு இல்லை. எரிச்சலில் என் கம்ப்யூட்டரில் இருந்த பிரிண்டர் பதிவை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தேன். திரும்ப அனுப்பினேன். அமைப்புக் கோப்பை மாற்றினேன், திரும்ப அனுப்பினேன். இப்படியே மாற்றுவதும் அனுப்புவதுமாக இரண்டு மணி நேரம் போனது. இறங்கிப் போய்ப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

கடைசியில் காப்பிக்காக இறங்கினேன். பிரிண்டரின் நெற்றியில் சந்தனம், குங்குமம், மேலே ஒரு முழம் மல்லி. சுவிட்ச் அணைந்திருந்தது.

"கம்ப்யூட்டரத்தான தொடக் கூடாதுன்னீங்க? பூஜைக்கு வச்சத நாளைக்குத்தான் எடுக்கணும், தம்பி" என்றார் மதினி.

மறுநாள் காலை சூடம் காட்டிவிட்டு அவரே சுவிட்சைப் போட்டார். கீழ்க் கம்ப்யூட்டரில் வரிசையாகக் காத்திருந்ததெல்லாம் கடகடவென்று அச்சாகி வந்து விழுந்தது. ஒன்பது லீவு லெட்டர்கள். அடுக்கி என் கையில் கொடுத்தார்.

"அது ஒரு நாள் லீவுலயே வேலைக்கு வந்துருச்சு. ஒங்களுக்கு எம்புட்டு நாளு வேணும் தம்பி?"