கிழங்கு மில் கேட்

அரூர் போகும் பேருந்தின் ஜன்னல் வழியே புளித்த மரவள்ளிக் கிழங்கின் நாற்றம் வந்தது. எனக்கு அப்பாவின் காக்கிச் சட்டை நினைவுக்கு வந்தது. அம்மா எத்தனை முறை துவைத்தாலும் அதில் இந்த நாற்றம் இருக்கும்.

எங்கள் ஆற்றங்கரைத் தெருவுக்குக் கிழங்கு மில் வந்தபோது அப்பாவுக்கு அங்கே வாட்ச்மேன் வேலை கிடைத்தது. அவருடைய தங்கை, என் அத்தை, பக்கத்து வீட்டில் நான்கு எருமைகள் வைத்துப் பிழைத்தாள். மில் கழிவு கலந்து ஆறு வெள்ளையாக நுரைத்தது. மீன்கள் செத்து மிதந்தன. அந்தத் தண்ணீரைக் குடித்து, ஒரே கோடையில் நான்கு எருமைகளும் செத்துப்போயின.

ஒருநாள் மத்தியானம் நான் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். அத்தை ஒரு சொம்பு ஆற்றுத் தண்ணீரோடு கேட்டுக்கு வந்தாள்.

"மொதலாளியக் கூப்புடுங்கண்ணா. இதக் குடிக்கச் சொல்லணும்."

"அவரு இல்லம்மா. வூட்டுக்குப் போ."

"அப்ப நீங்க குடிங்க."

அப்பா சொம்பை வாங்கி, நிறுத்தாமல் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அத்தை காலிச் சொம்போடு திரும்பிப் போனாள். அவள் மறைந்ததும் அப்பா சுவரோரம் குனிந்து வாந்தி எடுத்தார்.

"அம்மாகிட்ட சொல்லாத" என்றார்.

மழைக்காலத்துக்குள் அத்தையும் அதே மில்லில் கிழங்கு உரிக்கச் சேர்ந்தாள். தினமும் காலையில் கேட்டைத் திறந்து அவளை உள்ளே விட்டது அப்பாதான். அதன்பிறகு இருவரும் பேசி நான் பார்த்ததே இல்லை.

பேருந்து மில் கேட்டருகே நின்றது. எங்கள் தெருவில் இப்போது வீடுகள் இல்லை, மில் ஷெட்டுகள்தான். ஷிப்ட் முடிந்த பெண்கள் ஏறினார்கள். நான் நகர்ந்து ஒருத்திக்கு இடம் கொடுத்தேன்.